பழைய பெட்டிக்குள் புதிய சில்லு: ஒலி உண்மையில் மாறுகிறதா?

வீட்டிலுள்ள பழைய அம்ப்ளிபயர் அல்லது கசட் டெக் ஒன்றின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர்கள், மண்ணிறப் பலகையின் மேல் எட்டுக் கால்களை ஊன்றி நிற்கும் சின்னஞ்சிறு கறுப்புப் பூச்சிகளைக் கண்டிருப்பார்கள். அவற்றின் முதுகில் 4558, 072, 5532 என்று ஏதாவது ஓர் எண் மங்கலாக அச்சிடப்பட்டிருக்கும். ரேடியோ திருத்துபவர்கள் அதை 'ஐ.சி.' என்பார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவிகளுக்கு அது வேறொரு பெயரில் அறிமுகமானது. இலத்திரனியல் அலகில் முக்கோணக் குறியீடாக நாம் வரைந்து பழகிய செயற்பாட்டு விரியலாக்கிதான் அது. சுருக்கமாக 'ஒப் அம்ப்'.

இந்தப் பழைய சில்லைக் கழற்றிவிட்டு, விலை கூடிய புதிய சில்லொன்றைப் பொருத்தினால் ஒலி திரை விலகியது போலத் தெளிந்துவிடும் என்று சொல்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அப்படி மாற்றுவது ஒரு பொழுதுபோக்காகவும் ஒரு வியாபாரமாகவும் வளர்ந்திருக்கிறது. "எந்தச் சில்லும் ஒன்றுதான், காசைக் கரியாக்காதீர்கள்" என்று மறுப்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் அடித்துப் பேசுகிறது. யார் சொல்வது சரி? பரீட்சைக்காக மனனம் செய்த சமன்பாடுகளைக் கொண்டே இதற்குப் பெருமளவு விடை காணலாம். அந்த முயற்சிதான் இக்கட்டுரை.

சில்லு பிறந்த கதை

1927ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை. ஹரல்ட் பிளக் என்ற இளம் பொறியியலாளர் நியூயோர்க்கிலுள்ள பெல் ஆய்வுகூடத்துக்கு வேலைக்காகப் படகில் ஹட்சன் நதியைக் கடந்துகொண்டிருந்தார். தூரத் தொலைபேசிக் கம்பிகளில் குரல் திரிபடைவதை எப்படித் தடுப்பது என்பது அவரைப் பல காலமாக வாட்டிய கேள்வி. அன்று படகிலேயே விடை தோன்றியது. விரியலாக்கியின் பயப்பில் ஒரு பகுதியை எடுத்து, எதிர்க் குறியுடன் மீண்டும் பெய்ப்புக்கே கொடுத்தால் என்ன? நயம் குறையும், ஆனால் திரிபும் அதனோடு சேர்ந்து குறைந்துவிடும். கையிலிருந்த பத்திரிகைத் தாளிலேயே அதை வரைந்து வைத்தார். இன்று நாம் மறைப் பின்னூட்டல் என்று படிப்பது இதைத்தான்.

'செயற்பாட்டு விரியலாக்கி' என்ற பெயர் 1947இல் ஜோன் ரகசினியும் அவரது சகாக்களும் வெளியிட்ட கட்டுரை மூலம் பரவியது. கூட்டல், கழித்தல், தொகையிடல் போன்ற கணிதச் செயற்பாடுகளை வோல்ற்றளவுகளைக் கொண்டு செய்யும் கணினிகளுக்காக உருவானதால் அப்பெயர். ஆகவே இசைக்கும் இதற்கும் தொடக்கத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் பில்பிரிக்கின் நிறுவனம் விற்ற கே2-டபிள்யூ என்ற ஒப் அம்பில் இரண்டு வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது வேலை செய்ய நேர் 300, மறை 300 வோல்ற்று தேவைப்பட்டது. 1965இல் பெயர்ச்சைல்ட் நிறுவனத்தின் பொப் விட்லர் 709 என்ற சில்லை வடிவமைத்தார். 1968இல் அதே நிறுவனத்தில் டேவ் புல்லகர் வடிவமைத்த 741 வெளிவந்தது. உலகெங்கும் வகுப்பறைகளில் அறிமுகமான 741 அதுதான். ஏறத்தாழ 20 திரான்சிற்றர்கள் ஒரு நகக்கண் அளவுக்குள் அடங்கிவிட்டன.

பின்னர் வந்தவை ஒலிக்காகவே பெயர் பெற்றன. ஜப்பானியக் கசட் டெக்குகளிலும் ரிசீவர்களிலும் 4558 நிறைந்திருந்தது. 1970களின் இறுதியில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎல்072உம், சிக்னெட்டிக்ஸின் என்ஈ5532உம் வந்தன. அதற்குப் பிறகு ஓபிஏ2134, எல்எம்4562 என்று இன்றுவரை வரிசை நீள்கிறது. பழைய பெட்டியைத் திறப்பவர்கள் முந்திய மூன்றில் ஒன்றைக் கழற்றிவிட்டுப் பிந்திய இரண்டில் ஒன்றைப் பொருத்த விரும்புகிறார்கள்.

சில்லு செய்யும் வேலை

741இன் திறந்த தட நயம் சுமார் 2 இலட்சம். அவ்வளவு பெரிய நயத்தை எவரும் நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. இரண்டு தடையிகளைக் கொண்டு பின்னூட்டல் கொடுத்து, நயத்தை 10 என்றோ 20 என்றோ குறைத்துக்கொள்கிறோம். நேர்மாற்றாச் சுற்றில் நயம், ஒன்றுடன் இரு தடையிகளின் விகிதத்தைக் கூட்டியது. இந்தச் சமன்பாட்டில் சில்லின் பெயரோ எண்ணோ எங்கும் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். 9 கிலோஓம், 1 கிலோஓம் தடையிகளைப் போட்டால் நயம் 10. மலிவான சில்லுக்கும் 10, விலை கூடிய சில்லுக்கும் 10.

எனவே, "புதிய சில்லு போட்டதும் சத்தம் கூடிவிட்டது" என்று யாராவது சொன்னால் அதைச் சற்று ஐயத்துடன்தான் கேட்க வேண்டும். நயத்தைத் தீர்மானிப்பது தடையிகள்.

அப்படியானால் எல்லாச் சில்லும் ஒன்றா? இல்லை. அந்தச் சமன்பாடு ஓர் இலட்சியச் சில்லுக்கு உரியது. திறந்த தட நயம் எல்லா மீடிறனிலும் முடிவிலியாக இருக்கும் என்று நாம் எடுகோள் கொள்கிறோம். உண்மையில் மீடிறன் கூடக்கூட அது விழுந்துகொண்டே போகிறது. மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹேர்ட்ஸில் 741க்கு மிஞ்சுவது ஏறத்தாழ 50 மட்டும். 4558க்கு 150. 5532க்கு 500. இதில் 10ஐ நாம் நயமாகப் பயன்படுத்திவிட்டால், திரிபைத் திருத்துவதற்கென்று மீந்திருப்பது முறையே 5 மடங்கு, 15 மடங்கு, 50 மடங்கு. பிளக்கின் படகுப் பாடம் இங்கேதான் வேலை செய்கிறது. மீதம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சுத்தமாகத் திரிபு துடைக்கப்படும். ஆகவே புதிய சில்லுக்காகப் பேசுபவர்களின் வாதம் வெறும் கற்பனை அல்ல. அதற்குப் பௌதிகவியலில் இடமுண்டு.

வேகம் பற்றி ஒரு சிறு கணக்கு

சில்லொன்றின் பயப்பு ஒரு மைக்ரோசெக்கனில் எத்தனை வோல்ற்று ஏறி இறங்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. இதை 'ஸ்லூ ரேட்' என்பர். 741க்கு 0.5 வோல்ற்று, 4558க்கு 1 வோல்ற்றுக்குச் சற்று மேல், 5532க்கு 9, டிஎல்072க்கு 13, ஓபிஏ2134க்கும் எல்எம்4562க்கும் 20. விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது இந்த எண்தான். 0.5க்கும் 20க்கும் இடையில் 40 மடங்கு வித்தியாசம்! பார்த்தவுடன் கை பணப்பைக்குத்தான் போகும்.

ஆனால் நமக்கு எவ்வளவு தேவை? சைன் அலையொன்று பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில்தான் மிக வேகமாக மாறுகிறது. அந்த வேகம் 2π பெருக்கல் மீடிறன் பெருக்கல் வீச்சம். சீடி பிளேயர் ஒன்றின் உச்சப் பயப்பு பொதுவாக 2 வோல்ற்று. இது இடைவர்க்கமூலப் பெறுமானம். எனவே வீச்சம் 2.83 வோல்ற்று. மீடிறன் 20 கிலோஹேர்ட்ஸ் என்று வைத்துப் பெருக்கினால் விடை மைக்ரோசெக்கனுக்கு 0.36 வோல்ற்று அளவில் வருகிறது. இது சாத்தியமான மிக மோசமான நிலை. இசையில் 20 கிலோஹேர்ட்ஸ் ஒலி முழு உரத்தில் வருவதே இல்லை எனலாம். பழைய 4558கூட இந்தத் தேவையைப் போல் மூன்று மடங்கு வேகமுள்ளது.

அதே கணக்கை 10 வோல்ற்று வீச்சத்துக்குச் செய்து பாருங்கள். 1.26 வருகிறது. இங்கே 741 தோற்றுவிடும். 10 வோல்ற்று வீச்சத்தில் அதனால் ஏறத்தாழ 8 கிலோஹேர்ட்ஸ் வரைதான் தாக்குப்பிடிக்க முடியும். அதற்கு மேல் சைன் அலை முக்கோண அலையாக மாறத் தொடங்கும். ஆகவே பழைய மிக்சர் ஒன்றில் 741 இருந்து, அது பெரிய வோல்ற்றளவைக் கையாளுமாயின், மாற்றுவதில் நியாயம் உண்டு. கசட் டெக்கில் 4558 இருந்தால் வேகம் ஒரு காரணமே அல்ல. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் இந்த முடிவுக்கு எவரும் வரலாம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

இரண்டாவது வாதம் இரைச்சல் பற்றியது. ஒவ்வொரு சில்லும் தானாகவே மெல்லிய 'ஸ்ஸ்' என்ற சத்தத்தை உண்டாக்கும். கேட்கத்தக்க வீச்சான 20 கிலோஹேர்ட்ஸுக்குள் கூட்டிப் பார்த்தால், பெய்ப்பில் 5532 சுமார் 0.7 மைக்ரோவோல்ற்றையும், டிஎல்072 சுமார் 2.5 மைக்ரோவோல்ற்றையும் சேர்க்கின்றன. மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

ஆனால் எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே முக்கியம். 2 வோல்ற்றுச் சைகையோடு ஒப்பிட்டால் 2.5 மைக்ரோவோல்ற்று என்பது 118 டெசிபெல் கீழே இருக்கிறது. 16 பிற்று சீடியின் சொந்த எல்லையே ஏறத்தாழ 98 டெசிபெல்தான். கசட் நாடாவின் இரைச்சலோ சைகைக்கு 50 அல்லது 60 டெசிபெல் கீழேயே வந்து நிற்கிறது. சந்தைக்குள் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தின் 'டிக் டிக்' சத்தத்தைக் குறைப்பதற்காகக் கடிகாரத்தை மாற்றுவது போன்றது இது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சைகை வெறும் 5 மில்லிவோல்ற்று அளவே. அதை முதலில் வாங்கும் சில்லின் இரைச்சல் பின்னர் சைகையோடு சேர்ந்து பெருகும். 5532 அங்கே 77 டெசிபெலும், டிஎல்072 66 டெசிபெலும் கீழே இருக்கும். இந்த 11 டெசிபெல் வித்தியாசத்தை, பாட்டு ஓடாத அமைதியில் வால்யூமைக் கூட்டிக் கேட்டால் காது பிடிக்கக்கூடும். தட்டு சுழலத் தொடங்கியதும் ஊசி உரசும் சத்தம் பெரும்பாலும் அதை மூடிவிடும்.

இன்னொரு விடயம், தடையிகளும் இரைச்சல் எழுப்பும் என்பது. அறை வெப்பநிலையில் 10 கிலோஓம் தடையி ஒன்று தனியாகவே 1.8 மைக்ரோவோல்ற்று அளவு தருகிறது. சுற்றில் பெரிய தடையிகள் இருக்கையில் 0.7 மைக்ரோவோல்ற்றுச் சில்லைக் கொண்டுவந்து வைத்தாலும் பயன் குறைவு.

மாற்றுவதால் வரும் வினைகள்

"மாற்றிப் பார்ப்போமே, நட்டம் என்ன?" என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும்.

முதலாவது, அலைவு. வேகமான சில்லு வேகமான குதிரை போன்றது. பழைய சுற்று மெதுவான சில்லுக்காக வரையப்பட்டது. மின்வழங்கிக் கம்பிகள் நீளமாகவும், சில்லின் காலருகே வைக்கவேண்டிய 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி இல்லாமலும் இருந்தால், புதிய சில்லு பல மெகாஹேர்ட்ஸில் தானாகவே அலையத் தொடங்கலாம். காதுக்குக் கேட்காது. ஆனால் சில்லு கொதிக்கும், ஒலி மங்கும், சில வேளை ஸ்பீக்கரின் சிறிய கூம்பும் பழுதாகும். அலைவுகாட்டி இல்லாமல் இதைக் கண்டுபிடிப்பது கடினம். 'புதிய சில்லின் இனிமை' என்று சிலர் வர்ணிப்பது இந்த நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, பெய்ப்பு ஓட்டம். இலட்சியச் சில்லின் பெய்ப்பில் ஓட்டம் பூச்சியம் என்று எழுதுவோம். உண்மையில் 5532இல் சுமார் 200 நனோஅம்பியர் பாய்கிறது. அது 100 கிலோஓம் ஊடாகப் போனால் 20 மில்லிவோல்ற்று நேரோட்ட வோல்ற்றளவு தோன்றும். டிஎல்072இல் அதே இடத்தில் 6.5 மைக்ரோவோல்ற்று மட்டுமே. இப்போது வால்யூம் குமிழுக்கு அடுத்திருக்கும் டிஎல்072ஐ 'தரமுயர்த்தி' 5532 ஆக்கினால் என்ன நடக்கும்? குமிழைத் திருப்பும்போதெல்லாம் 'கர கர' என்று சத்தம் கேட்கும். சில்லு சிறந்ததுதான், ஆனால் அந்த இடத்துக்குச் சிறந்ததல்ல.

மூன்றாவது, மின்வழங்கி. டிஎல்072 சுமார் 3 மில்லியம்பியரும், 5532 சுமார் 8 மில்லியம்பியரும், எல்எம்4562 சுமார் 10 மில்லியம்பியரும் எடுக்கும். பத்துச் சில்லுகளை மாற்றினால் பழைய சேனர் இருவாயி மேலதிகமாக 50, 70 மில்லியம்பியரைத் தாங்க வேண்டும். அது அதற்காகப் படைக்கப்பட்டதல்ல. மறுபுறம், புதிய சில்லுகளில் சில 5 வோல்ற்றுக்கென்றே செய்யப்பட்டவை. பழைய பெட்டியின் நேர் 15, மறை 15 வோல்ற்றை அவற்றுக்குக் கொடுத்தால் அந்தக் கணமே முடிந்துவிடும்.

நான்காவது, கால்களின் ஒழுங்கு. இரட்டைச் சில்லில் 4ஆம் கால் மறை, 8ஆம் கால் நேர். ஒற்றைச் சில்லில் நேர் வழங்கல் 7ஆம் காலில். இரண்டும் எட்டுக்கால்தான், வெளித் தோற்றத்தில் வேறுபாடே தெரியாது. ஜப்பானியப் பெட்டிகள் சிலவற்றில் எட்டுக் கால்களும் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றுக்கு இந்தச் சில்லுகள் நேரடியாகப் பொருந்தாது.

ஐந்தாவது, பழைய பலகை. கடதாசியும் பிசினும் சேர்த்துச் செய்த அந்தப் பலகைகளில் சூடு கொஞ்சம் கூடினாலும் செப்புக் கோடு உரிந்து வந்துவிடும். போதாததற்கு, பிரபலமான சில்லுகளுக்குப் போலிகள் ஏராளம். மலிவான சில்லின் முதுகைச் சுரண்டிவிட்டு, விலை கூடிய எண்ணை அச்சடித்து விற்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை

என் மாமா ஒருவர் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கிறார். சில்லு மாற்றித் தரும்படி கேட்டு வருபவர்களிடம் அவர் முதலில் சொல்வது, "ஐ.சி.க்கு வயசு போறதில்லை மகன், பக்கத்தில நிக்கிறவருக்குத்தான் போகும்" என்பதுதான். பக்கத்தில் நிற்பவர் என்று அவர் சொல்வது மின்பகு கொள்ளளவியை. அதற்குள் ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. ஆண்டுகள் செல்ல அது காய்ந்துபோகும். சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர்கள் பயன்படுத்தும் விதி. நம் நாட்டு வெப்பத்தில் மூடிய பெட்டிக்குள் முப்பது, நாற்பது வருடம் இருந்த கொள்ளளவி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தாழ்ந்த ஒலிகள் மெலிவதற்கும், 'ம்ம்' என்ற உறுமல் வருவதற்கும், ஒரு பக்கம் மங்குவதற்கும் பெரும்பாலும் காரணம் இவர்தான். அடுத்தது, அழுக்கேறிய ஆளிகளும் குமிழ்களும். அதற்கடுத்தது, கசட் டெக்காயின், நாடாத் துகள் படிந்த தலையும் தளர்ந்த ரப்பர் பட்டியும். இவற்றைச் சரிசெய்யச் சொற்பப் பணம் போதும்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. சில்லு மாற்றுபவர்கள் பலர், பெட்டியைத் திறந்த கையோடு கொள்ளளவிகளையும் மாற்றி, குமிழ்களையும் துப்புரவு செய்துவிடுவார்கள். பிறகு ஒலி தெளிந்ததும் பாராட்டு முழுவதும் புதிய சில்லுக்கே போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று ஆய்வுகூடத்தில் ஆசிரியர்கள் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்னொரு வேடிக்கை. ஒலிப் பிரியர்கள் கழற்றி எறியும் அதே 4558ஐக் கிற்றார் கலைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 1970களின் இறுதியில் ஜப்பானில் உருவான 'டியூப் ஸ்க்ரீமர்' என்ற கருவிக்குள் இருந்தது அந்தச் சில்லுதான். அங்கே வேலை, ஒலியை வேண்டுமென்றே திரிபாக்குவது. ஒருவருக்கு வேண்டாதது மற்றவருக்கு அரும்பொருள்.

காதை எப்படிச் சோதிப்பது?

கணக்கு எதைச் சொன்னாலும், "நான் என் காதால் கேட்டேன்" என்பார்கள் சிலர். காது பொய் சொல்வதில்லை. ஆனால் காது தனியாகக் கேட்பதுமில்லை. பணம் செலவழித்த மனமும், அரை மணித்தியாலம் சூட்டில் குனிந்திருந்த முதுகும் அதனோடு சேர்ந்தே கேட்கின்றன. பழைய ஒலியை நினைவில் வைத்துப் புதியதோடு ஒப்பிடுவதும் எளிதல்ல. ஒலியின் நுணுக்கங்கள் நினைவிலிருந்து விரைவில் மங்கிவிடும்.

இதற்கு ஒரு நேர்மையான வழி இருக்கிறது. இடது, வலது வாய்க்கால்களுக்குத் தனித்தனிச் சில்லு இருக்குமாயின், ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மோனோ ஒலியைக் கொடுங்கள். பல்மானியால் இரண்டு பயப்புகளையும் அளந்து சமப்படுத்துங்கள். சிறிதளவு உரமாக இருப்பதை மனம் 'உரம்' என்று சொல்லாது, 'நல்லது' என்றே சொல்லும் என்பதால் இந்தப் படி முக்கியம். பிறகு அவற்றை ஒரே ஸ்பீக்கருக்கு மாறி மாறிக் கொடுக்கும் ஆளியைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்காருங்கள். அவள் நாணயம் சுண்டி ஆளியைத் திருப்பட்டும். பத்துத் தடவை எது புதியது என்று சொல்லுங்கள்.

பத்தும் சரியாக வந்தால், வெறும் ஊகத்தால் அப்படி வர 1024இல் 1 வாய்ப்பே உண்டு. நீங்கள் உண்மையாகவே கேட்கிறீர்கள். எட்டு அல்லது அதற்கு மேல் சரியென்றாலும் ஊகத்துக்கான வாய்ப்பு சுமார் 5.5 சதவீதம், மீண்டும் சோதிக்கலாம். ஐந்து அல்லது ஆறு சரியென்றால், அது நாணயம் சுண்டுவதற்குச் சமம். இந்தச் சோதனைக்கு வேண்டியது நேர்மை மட்டும்.

சிந்திக்க மேலும் ஒன்று. 1980களில் இசைப்பதிவுக் கூடங்களின் மிக்சர்களில் 5532உம் அதன் ஒற்றை வடிவமான 5534உம் பரவலாகப் பயன்பட்டன. நாம் கேட்கும் அக்காலப் பாடல்களில் பல, நாடாவில் பதிவதற்கு முன்பே அத்தகைய சில்லுகள் எத்தனையோ ஊடாக வந்தவை. நம் வீட்டில் கடைசியாக ஒரு சில்லை மாற்றுவதால் அந்தப் பாதை முழுவதும் மாறிவிடாது.

பெற்றோருக்கும் தோழியருக்கும்

நம்மவர்களில் பலரின் வீட்டு அலுமாரிகளில் இன்னும் கசட்டுகள் கிடக்கின்றன. அவற்றில் சில கடையில் வாங்கியவை அல்ல. 1980களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களுக்கு, கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய குடும்பங்கள் உண்டு. மௌத்தாகிப்போன மூத்தம்மாவின் குரலும், இன்று பிள்ளை குட்டிகளோடு இருக்கும் சாச்சாவின் மழலையும் அந்த நாடாவில்தான் இருக்கின்றன. வேறு பிரதி கிடையாது. அவற்றைக் கேட்க வைக்கும் பெட்டியும் அந்த ஒன்றுதான். எனவேதான் இந்த விடயத்தை வெறும் பொழுதுபோக்காக விட்டுவிட முடியவில்லை.

பேச்சு விளங்குவதற்கு 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரை போதும் என்று வைத்துத்தான் பழைய தொலைபேசியையே அமைத்தார்கள். அந்தக் குரலை மீட்க 20 வோல்ற்று வேகச் சில்லு தேவையில்லை. ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் தலையைத் துடைப்பதும், நல்ல ரப்பர் பட்டியும், தலையின் சாய்வைச் சரிசெய்யத் தெரிந்த ஒரு கையும் போதும். எந்த வேலைக்கும் முன்னர், பெட்டி ஓடுகிற நிலையில் இருக்கும்போதே கணினியில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு என்ன பரிசோதனை வேண்டுமானாலும் செய்யலாம்.

சில்லு மாற்றத்தான் வேண்டுமென்றால், இசைத்தட்டின் முதல் விரியலாக்கி, 741 இருக்கும் பழைய மிக்சர் போன்ற தகுதியான இடத்தைத் தெரிவு செய்யுங்கள். சில்லின் தரவுத்தாளில் வோல்ற்றளவு, ஓட்டம், கால் ஒழுங்கு மூன்றையும் பாருங்கள். நேரடியாக ஒட்டாமல் எட்டுக்கால் சொக்கற் ஒன்றை ஒட்டி அதில் செருகுங்கள். பழைய சில்லைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். மூடியைத் திறக்குமுன் 230 வோல்ற்று இணைப்பைக் கழற்றுங்கள். கழற்றிய பின்னும் பெரிய கொள்ளளவிகளில் ஏற்றம் இருக்கும் என்பதால், பல்மானியால் அளந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது. முதல் தடவை, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சோல்டரிங் அயன் பிடிப்பது ஆண் பிள்ளைகளின் வேலை என்று நம் வீடுகளில் இன்னும் ஒரு பேச்சு உண்டு. தையல் ஊசியின் காதில் நூல் கோக்கும் நிதானம்தான் எட்டுக்கால் சில்லை ஒட்டுவதற்கும் வேண்டும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியருகே மகளை நிற்க விடுகிறவர்கள், சிறிய சூட்டுக் கோலுக்கு அஞ்சத் தேவையில்லை. வீட்டில் பழுதான ரேடியோ ஒன்று இருந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் ஒரு தரம் மகளின் மேசையில் வையுங்கள். அவள் அதைத் திருத்தாமல் போகலாம். ஆனால் கரும்பலகையில் பார்த்த முக்கோணத்தை அவள் அன்று கையால் தொட்டுப் பார்த்திருப்பாள். அடுத்த முறை யாராவது "இதை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று விற்க வந்தால், என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.